கையால் பின்னியதா, அக்கா?

ஐப்பசி மழை ஓயும் சமயத்தில் பைலகுப்பே மெல்லக் காலியாகத் தொடங்கும். மைசூரிலிருந்து ஹுன்சூர், பிரியாபட்டணா வழியாக மடிக்கேரி போகும் சாலையில் ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், காவிரியைத் தாண்டிக் குஷால்நகருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் இருக்கும் திபெத்தியர் குடியிருப்பு அது. பொன்னிறக் கோயிலைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தக் காலி தெரியாது. மடங்களில் துறவிகள் இருக்கிறார்கள், ஓட்டல்களில் மோமோ வெந்துகொண்டிருக்கிறது. ஆனால் வயல் பக்கம் இருக்கும் கிராமங்களில் மக்காச்சோளம் வீடு வந்து சேர்ந்ததும் நடுத்தர வயதுக்காரர்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். வீடு பாட்டியின் பொறுப்பு. பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பு. அடுத்த மூன்று, நான்கு மாதங்களுக்கு அவர்களுடைய விலாசம் ஏதோ ஓர் ஊரின் மைதானத்தில் போட்ட தார்ப்பாய்ப் பந்தல், அல்லது ஒரு நடைபாதை.

ஊட்டித் தாவரவியல் பூங்கா பக்கம் போனவர்களுக்கும், அகமதாபாத்திலோ புனேயிலோ குளிர்காலம் கழித்தவர்களுக்கும் இந்தக் கடைகள் பழக்கம். மேலே கயிற்றில் தொங்கும் ஸ்வெட்டர்கள், கீழே குவியலாக மங்கி குல்லாய்கள், மஃப்ளர்கள், குழந்தைகளுக்கான கால் உறைகள். நடுவே முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி. வாங்க வருகிறவர் கை அநேகமாக முதலில் போவது, மார்பில் கயிறு கயிறாக முறுக்கு ஓடும் கனமான ஸ்வெட்டர் மேல்தான். தடவிப் பார்க்கிறார். பிறகு அந்தக் கேள்வி: “கையால பின்னினதா, அக்கா?”

கேட்பவர் எதிர்பார்க்கும் பதில் ஒன்று இருக்கிறது. பனிமலை, அடுப்பு, அதைச் சுற்றிலும் ஊசியும் நூலுமாகப் பெண்கள். உண்மையான பதிலோ பஞ்சாபில் இருக்கிறது. லூதியானாவின் ஆலை ஒன்றில் இயந்திரம் பின்னி, லாரியில் ஏறி வந்த சரக்கு அது. சில விற்பனைக்காரப் பெண்கள் அதை நேராகச் சொல்லிவிடுகிறார்கள். சிலர் சிரித்து மழுப்புகிறார்கள். மழுப்புகிறவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன், கையால் ஒரு முறுக்கு ஸ்வெட்டர் பின்னினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கேள்வி கேட்பவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

ஸ்வெட்டர் பின்னலில் அடிப்படையாக இருப்பது இரண்டே அசைவுகள். கண்ணிக்குள் ஊசியை முன்னாலிருந்து விட்டு நூலை இழுத்தால் ஒன்று, பின்னாலிருந்து விட்டு இழுத்தால் மற்றொன்று. வட நாட்டில் சீதா, உல்டா என்பார்கள். ஆங்கிலப் புத்தகம் வைத்துப் படித்தவர்கள் நிட், பர்ல் என்பார்கள். ஒன்றின் முதுகுதான் மற்றொன்று. திருப்பூர் பனியனைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் இதே கண்ணிகள்தான், அளவுதான் பொடி. இந்த இரண்டு அசைவும் கை பழகிவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம், சண்டை போட்டுக்கொண்டேகூடப் பின்னலாம்.

கேபிள் என்கிற முறுக்கு வந்ததும் அது முடியாது. முறுக்குக்குத் தனி அசைவு எதுவும் கிடையாது. கண்ணிகளின் வரிசையை மாற்றிப் பின்னுவது, அவ்வளவுதான். ஆறு கண்ணி அகல முறுக்கு என்றால், முதல் மூன்று கண்ணிகளை ஒரு குட்டி ஊசிக்கு மாற்றி முன்பக்கமாகத் தொங்க விடவேண்டும். அடுத்த மூன்றை முதலில் பின்னிவிட்டு, தொங்கவிட்ட மூன்றையும் அதன் பிறகு பின்னவேண்டும். ஒரு கத்தை இன்னொரு கத்தையின் மேலேறிக் குறுக்கே போய்விட்டது. தலை பின்னும்போது ஒரு காலை இன்னொரு காலின் மேல் போடுவது போலத்தான். முன்னால் தொங்கவிட்டால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் தொங்கவிட்டால் வலப்பக்கம். அதன்பின் ஐந்தாறு வரி சாதாரணமாகப் பின்னி, மறுபடி ஒரு குறுக்கு. இரு ஓரத்திலும் இரண்டிரண்டு உல்டா கண்ணி கொடுத்துவிட்டால் பள்ளம் விழுந்து, நடுவிலிருக்கும் கயிறு மேலெழுந்து நிற்கும்.

குட்டி ஊசி கடையில் கிடைக்கிறது, நடுவில் ஒரு வளைவோடு. கிடைக்காத ஊரில் பெரிய சேஃப்டி பின்னோ, சீவிய பென்சில் துண்டோ போதும். கருவி அற்பமானது. சிரமம் கணக்கில்தான் இருக்கிறது. ஒரே ஒரு முறுக்கு என்றால் வரியை எண்ணினால் தீர்ந்தது. மார்பின் நடுவில் எட்டு வரிக்கு ஒருமுறை திரும்பும் தடித்த கயிறு, அதன் இருபுறமும் நான்கு வரிக்கு ஒருமுறை திரும்பும் மெல்லிய கயிறு, இடப்பக்கக் கயிறு இடதுபுறமும் வலப்பக்கக் கயிறு வலதுபுறமும் சாயவேண்டும் என்றால், பின்னுகிற பெண்ணின் மண்டைக்குள் நான்கைந்து கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து வாசலில் காஸ் சிலிண்டர்காரர் மணி அடிப்பார்.

தப்பு உடனே தெரிந்தால் பரவாயில்லை, அநேகமாகத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வரி ஏறின பிறகு, தள்ளிப் பிடித்துப் பார்க்கும்போதுதான், ஒரு இடத்தில் கயிறு எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பது கண்ணில் படும். பழக்கமில்லாதவர் மொத்தத்தையும் பிரித்துவிட்டு அழுவார். தேர்ந்தவர் அந்த ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து விட்டுவிடுவார். ஏணி போல அவை கீழே இறங்கும். தப்பு நடந்த வரிவரை இறக்கி, சரியான பக்கம் குறுக்கே போட்டு, குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மறுபடி மேலே ஏற்றுவார். பக்கத்திலிருக்கும் கண்ணிகளுக்கு இந்தச் சிகிச்சை நடந்ததே தெரியாது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு பொறி உண்டு. கண்ணிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதால் துணி சுருங்குகிறது. முறுக்கில்லாத ஸ்வெட்டருக்குப் போட்ட கண்ணிக் கணக்கையே இதற்கும் போட்டால், கணவருக்கென்று தொடங்கியது மகனுக்குப் போய்ச் சேரும். அதனால்தான் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். கீழ்ப் பார்டருக்கு 10ஆம் நம்பர் ஊசி, உடம்புக்கு 8ஆம் நம்பர் என்பது இந்திய வீடுகளில் பழகிய கணக்கு. நம்பர் கூடக்கூட ஊசி மெலியும் என்பது புதிதாகக் கற்பவர்களைக் குழப்பும் பழைய பிரிட்டிஷ் ஏற்பாடு. நூலும் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு ஆளுக்கு 600இலிருந்து 800 கிராம்வரை ஆகலாம்.

இனி நேரக் கணக்கு. 10 செ.மீ.க்கு 22 கண்ணி அகலம், 28 வரி உயரம் என்று வைத்துக்கொண்டால், 100 செ.மீ. மார்புச் சுற்றும் 65 செ.மீ. நீளமும் உள்ள ஸ்வெட்டரின் உடம்புக்கு மட்டும் சுமார் 40,000 கண்ணிகள். இரண்டு கைக்கும் சேர்த்து இன்னொரு 20,000. முறுக்கின் சுருக்கத்துக்கு ஒரு பத்து சதவிகிதம் கூட்டினால் 66,000. முறுக்கோடு சேர்த்து நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னுகிறவர் என்றால் 3,300 நிமிடம். அதாவது 55 மணி நேரம். கழுத்துப் பட்டியும் பாகங்களைச் சேர்த்துத் தைப்பதும் இதில் சேர்த்தியில்லை. மணிக்கு ஐம்பது ரூபாய் என்று மிகக் குறைவாக மதிப்பிட்டாலும் கூலி 2,750 ரூபாய். கம்பளி நூல் விலை தனி. கடைக்காரர் லாபம் தனி. நடைபாதையில் நின்று பேரம் பேசுகிறவர் மனசில் வைத்திருக்கும் தொகைக்கு இது பக்கத்தில்கூட வராது.

ஆகவே கைப்பின்னல் ஸ்வெட்டருக்கு எப்போதுமே ஒரே ஒரு பொருளாதாரம்தான் கட்டுப்படியாகியிருக்கிறது: கூலி கேட்காத ஆள் பின்னுவது. தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கலை நுழைந்த வழிகளில் முக்கியமானது டெல்லி. சென்னையில் இருந்தவரை கம்பளி நூலைத் தொட்டே பார்க்காத பெண்கள், கணவருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்து கரோல்பாகிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ குடியேறிய பிறகு பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணிடம் கற்றுக்கொண்டார்கள். மத்தியான வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து நிலக்கடலை கொறித்தபடி பின்னுவது அந்த நகரத்தின் குளிர்கால அடையாளம். சர்க்கார் அலுவலகங்களில் கோப்புகளுக்கு நடுவே ஊசி ஓடுவதைப் பற்றி எவ்வளவோ கேலிச் சித்திரங்கள் வந்திருக்கின்றன. கேலி செய்தவர்களும் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனார்கள். ஹிந்திப் பெண்கள் பத்திரிகைகள் குளிர்காலத்தில் பின்னல் சிறப்பிதழே போட்டன.

அந்தக் குடும்பங்களில் சில ஓய்வுக் காலத்துக்கு மைசூரைத் தேர்ந்தெடுத்தன. பென்ஷன்காரர்களின் ஊர் என்ற பெயர் மைசூருக்கு வெகு காலமாக உண்டு. கடல் மட்டத்திலிருந்து 770 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் நடைப் பயிற்சிக்குப் போகிறவருக்கு ஸ்வெட்டர் வேண்டும், பத்து மணிக்குக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். முறுக்கு ஸ்வெட்டருக்கு உண்மையில் இங்கே தேவையே இல்லை. குறுக்கே போட்ட கண்ணிகளால் துணி இரட்டைத் தடிமனாகிறது, சிறு சிறு பைகளில் காற்று தங்குகிறது, சூடு வெளியேறுவதில்லை. அது கடற்காற்றிலும் பனியிலும் நிற்கிறவனுக்கான உடுப்பு. சாமுண்டி மலைப் படி ஏறுகிறவருக்கு அரைக்கை ஸ்வெட்டரே அதிகம். இருந்தும் பாட்டிமார்கள் பேரனுக்கென்று முறுக்குதான் போடுகிறார்கள். பேரன் பாஸ்டனில் இருந்தால் நியாயம். பெங்களூரில் இருந்தால் அது அலமாரியில் பாச்சை உருண்டையோடு வாசம் செய்யும்.

பைலகுப்பேவின் பெண்களுக்கு இந்த ஆடம்பரம் வாய்க்கவில்லை. 1959 மார்ச்சில் தலாய் லாமா எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார். பின்னாலேயே வந்தவர்களில் பலர் இமயமலைப் பகுதியில் சாலை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். குடியமர்த்த நிலம் தரும்படி நேரு மாநிலங்களைக் கேட்டபோது, அன்றைய மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் காட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. 1960களின் தொடக்கத்தில் லுக்சுங் சம்துப்லிங் குடியிருப்பு அங்கே உருவாயிற்று. தென்னிந்தியாவில் அதுதான் முதல் திபெத்தியர் குடியிருப்பு. மூங்கில் குடிசையும் கூடாரமுமாக வாழ்க்கை. காட்டை வெட்டித் திருத்தவேண்டும், யானையை விரட்டவேண்டும், பழகாத வெயிலைத் தாங்கவேண்டும். 1968இல் மைராடா என்ற அமைப்பே, மைசூர் மறுகுடியமர்வு வளர்ச்சி முகமை என்ற முழுப் பெயரோடு, இவர்களுக்கு உதவுவதற்காகத்தான் தொடங்கப்பட்டது. இன்று அது வேறு பல வேலைகள் செய்யும் பெரிய நிறுவனம்.

நிலம் கிடைத்தது, பாசனம் கிடைக்கவில்லை. மானாவாரி மக்காச்சோளம் வருஷத்துக்கு ஒரு போகம். அறுவடை முடிந்தால் அடுத்த மழைவரை கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை. கம்பளி அவர்களுக்குத் தெரிந்த பொருள். திபெத்தில் ஆட்டு ரோமத்தை நூற்று, தறியில் நெய்து, மணமான பெண்கள் இடுப்பில் கட்டும் கோடுபோட்ட முன்தானைத் துணிவரை வீட்டிலேயே செய்தவர்கள். அகதி வாழ்க்கையின் ஆரம்ப வருஷங்களில் நாட்டின் பல பாகங்களிலும் திபெத்தியப் பெண்கள் கையால் ஸ்வெட்டர் பின்னி, தெருவோரத்தில் விற்றார்கள். வாங்கியவர்களுக்குப் பிடித்திருந்தது. சிவந்த கன்னமும் நீண்ட அங்கியுமாக ஒரு பெண் கம்பளி விற்றால் அதன் தரத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வரும்? ‘திபெத்தியன் ஸ்வெட்டர்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

பெயர் நிலைத்ததும் மேலே சொன்ன 55 மணி நேரக் கணக்கு குறுக்கே வந்து நின்றது. மாதம் முழுக்கப் பின்னினால் ஓர் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ. மூன்று மாதச் சீசனில் ஒரு குடும்பம் பிழைக்க நூற்றுக்கணக்கில் விற்றாகவேண்டும். அந்தப் பெண்கள் செய்தது ரொம்பப் புத்திசாலித்தனமான காரியம். ஊசியைக் கீழே வைத்துவிட்டு லூதியானாவுக்கு ரயில் ஏறினார்கள்.

லூதியானாவுக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் காஷ்மீரிலிருந்து வெளியேறிய சால்வை நெசவாளர்கள் வந்து தங்கிய ஊர் அது. பிழைக்க வந்தவர்களின் கைவேலையிலிருந்து வளர்ந்து, கம்பளிப் பின்னலாடைக்கே தலைநகராகிவிட்டது. சோவியத் யூனியன் வெகுகாலம் அதன் பெரிய வாடிக்கையாளர். 1991இல் அந்த நாடு இல்லாமல் போனபோது லூதியானா ஆடிப்போயிற்று. உள்நாட்டில் வருஷம் தவறாமல் வந்து வாங்கும் திபெத்திய வியாபாரியின் அருமை அப்போது தெரிந்திருக்கும். இந்த இரு தரப்புக்கும் இடையே ஓடும் கடன் ஏற்பாடு, வங்கி மேலாளர் யாரும் நம்ப மறுக்கும் ரகம். சீசன் தொடக்கத்தில் லாலாக்கள் சரக்கைக் கடனாகக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் வாய் வார்த்தைதான். விற்று முடித்து, திபெத்தியப் புத்தாண்டான லோசருக்கு ஊர் திரும்புவதற்கு முன் பாக்கியைத் தீர்க்கவேண்டும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும் லோசர்தான் கெடு. தலைமுறை தாண்டியும் இந்த நாணயம் நீடிக்கிறது.

ஆக, வாங்குகிறவர் தடவிப் பார்ப்பது காஷ்மீர் அகதிகள் விதை போட்ட ஊரில், பஞ்சாபி முதலாளியின் ஆலையில் பின்னி, திபெத் அகதி கடனில் எடுத்து, கன்னட மண்ணிலிருந்து வந்து தமிழ்நாட்டிலோ குஜராத்திலோ விற்கும் ஸ்வெட்டரை. இதுவே போதிய அளவு சுவாரசியமான கதை. ஆனால் சந்தைக்கு வேண்டியிருப்பது இதுவல்ல, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த பெண்களின் கதை.

திபெத்தியர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. முறுக்கு ஸ்வெட்டர் என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் இடம் அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருக்கும் அரன் தீவுகள். கால்வே வளைகுடாவின் வாயிலில் மூன்று தீவுகள், மரமில்லாத பாறை நிலம். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முறுக்கு உண்டு என்றும், கடலில் மூழ்கிய மீனவனின் உடல் நாள் கழித்துக் கரை ஒதுங்கினால் ஸ்வெட்டரை வைத்துத்தான் இன்ன வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் கண்டார்கள் என்றும் சொல்வார்கள். கேட்பவர் தொண்டை அடைக்கும். ஆனால் அது நடந்ததற்கான ஆதாரம் கிடையாது. 1904இல் மேடையேறிய ஜே.எம். சிங்கின் ‘ரைடர்ஸ் டு தி ஸீ’ நாடகத்தில், இறந்தவனின் காலுறையில் தான் விட்டுவிட்ட கண்ணிகளை எண்ணி, அது அண்ணனுடையதுதான் என்று தங்கை கண்டுகொள்கிறாள். அதில் வருவது காலுறை, ஸ்வெட்டர் அல்ல. குடும்ப முத்திரையும் அல்ல, ஒரு பெண் தன் கைத் தப்பை அடையாளம் காண்பது. அதை ஊதிப் பெரிதாக்கியவர்கள் பிறகு வந்த வியாபாரிகள். ஆக்ஸ்போர்டில் நூல் வியாபாரம் செய்த ஹைன்ஸ் கீவே என்பவர் 1930களில் டப்ளினில் ஒரு ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, அதன் முறுக்குகளில் பழங்காலச் சமயச் சின்னங்களையே கண்டுபிடித்து எழுதினார்.

நிஜக் கதை இவ்வளவு மர்மமானதல்ல. 1891இல் அயர்லாந்தின் ஏழ்மையான பகுதிகளுக்கென்று பிரிட்டிஷ் அரசு ஒரு வாரியம் அமைத்தது. மீன்பிடித் தொழிலையும் வீட்டுக் கைத்தொழில்களையும் அது ஊக்குவித்தது. வெளியிலிருந்து வந்த பின்னல் முறைகளைத் தீவுப் பெண்கள் பார்த்தார்கள், தங்கள் கைத்திறமையால் அவற்றைச் சிக்கலாக்கினார்கள். இன்றைய உருவில் அரன் ஸ்வெட்டர் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. 1930இல் டப்ளினில் ம்யூரியல் கஹன் திறந்த கடை அந்தப் பெண்களுக்கு நகரச் சந்தையைக் காட்டியது. 1961இல் கிளான்சி சகோதரர்கள் என்ற பாட்டுக் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெள்ளை முறுக்கு ஸ்வெட்டரோடு தோன்றியதும் தேவை எங்கோ போய்விட்டது. பின்னிய பெண்களுக்குக் கிடைத்ததோ உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி. மணிக்கணக்கில் வகுத்தால் சொற்பம். இன்று ‘அரன்’ என்று விற்பனையாவதில் பெரும்பகுதி இயந்திரப் பின்னல். மூழ்கிய மீனவன் கதை மட்டும் கையோடு வருகிறது.

மூழ்கிய மீனவனும் பனிமலைப் பெண்ணும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வாங்குகிறவருக்குக் கைவேலையின் பெருமிதம் வேண்டும், கைவேலைக்கான விலை வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கதை போட்டு நிரப்புகிறார்கள். இதில் ஏமாந்தவர் வாங்கியவர் என்று சொல்ல முடியாது, அவருக்குக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் கிடைத்துவிடுகிறது. நிஜமாகவே கையால் பின்னி விற்க உட்காருகிற பெண்தான் நஷ்டப்படுகிறாள். “அந்தக் கடையில் இதே ஸ்வெட்டர் பாதி விலை, அதுவும் கைப்பின்னல்தானாம்” என்ற வாக்கியத்துக்கு அவளிடம் பதில் இல்லை.

பதில் துணியில் இருக்கிறது, தேடத் தெரிந்தால். ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பார்க்கவேண்டும். ஓரம் வெட்டி ஓவர்லாக் போட்டிருந்தால் சந்தேகமே இல்லை: இயந்திரம் நீளமாகப் பின்னிய துணியைச் சட்டை வெட்டுவது போல் வெட்டித் தைத்தது. கையால் பின்னுகிறவர் கத்தரிக்கோல் போடமாட்டார். கை அகலமும் கழுத்து வளைவும் கண்ணிகளைக் கூட்டிக் குறைத்தே வந்திருக்கும். அடுத்தது முறுக்கின் அகலம். கணினி பொருத்திய பின்னல் இயந்திரங்கள் முறுக்கு போடுகின்றன, அழகாகவே போடுகின்றன. ஆனால் கண்ணிகளை ஊசி விட்டு ஊசி இழுத்து மாற்றும்போது நூல் தாங்கும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆறு கண்ணி மேல் ஆறு கண்ணி ஏறும் உள்ளங்கை அகலக் கயிறு பெரும்பாலும் கையின் வேலை. மூன்றாவது, கண்ணிகளின் ஒழுங்கு. இயந்திரத்துக்கு மனநிலை கிடையாது. கைப்பின்னலில் ஒரு சாண் இறுக்கமாகவும் அடுத்த சாண் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். எந்தச் சாண் பின்னியபோது வீட்டில் சண்டை என்று பின்னியவருக்குத் தெரியும்.

நூலையும் கவனிக்கலாம். வர்தமான், ஓஸ்வால் என்று கடைகளில் கிடைக்கும் பின்னல் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக், அல்லது கம்பளி கலந்தது. துவைக்கச் சுலபம், அரிக்காது, விலையும் தோது. ஆனால் முறுக்குக்கு உயிர் கொடுப்பது கம்பளியின் ஸ்பிரிங் குணம். இழுத்தால் வந்து, விட்டால் திரும்பிப் போகும் நூலில்தான் கயிறு எழும்பி நிற்கும். அக்ரிலிக்கில் பின்னியதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஒருமுறை அழுந்தினால் போதும், கயிறு சப்பையாகிவிடும். பிறகு என்ன செய்தாலும் எழாது.

ஸ்வெட்டர் வியாபாரமும் இப்போது முன்போல் எழும்பி நிற்கவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது சீசன் அப்போதுதான் சூடு பிடிக்கும் வேளையில். ரொக்கத்தில் நடக்கும் நடைபாதை வியாபாரத்துக்கு அதைவிட மோசமான தேதி அமையாது. 2020இல் கொரோனா பல ஊர்களில் பந்தலே போடவிடவில்லை. இவை தாண்டிப் போகிற கஷ்டங்கள். தாண்டிப் போகாதது வேறு. அப்பா, அம்மா வருஷத்துக்கு நான்கு மாதம் தார்ப்பாய்க்கடியில் கழித்த காசில் படித்த பிள்ளைகள் நர்ஸாகவும் கணினிக்காரர்களாகவும் ஆகிவிட்டார்கள். பலர் வெளிநாட்டில். அவர்கள் யாரும் முக்காலியில் உட்கார வரப்போவதில்லை, வரவேண்டும் என்று பெற்றோரும் ஆசைப்படவில்லை. மக்காச்சோள வயல்களே உழுவதற்கு ஆளில்லாமல் திண்டாடுகின்றன.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் வயதான விற்பனைக்காரப் பெண்கள் சிலர் கையில் இப்போதும் ஊசி ஓடுகிறது. பெரும்பாலும் குல்லாய் அல்லது காலுறை. அவற்றில் சிலது விற்பனைக்கு, சிலது பேரக் குழந்தைக்கு. மணிக்கு எவ்வளவு என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது, எப்படியும் உட்கார்ந்துதானே ஆகவேண்டும். முறுக்கு போடுகிறவர்கள் அபூர்வம். வாடிக்கையாளர் வந்தால் பாதியில் நிறுத்தவேண்டியிருக்கும், கணக்கு விட்டுப்போகும்.

கைப்பின்னலுக்கென்று ஒரு அனுகூலம் மட்டும் எந்த லூதியானா இயந்திரத்தாலும் அழியவில்லை. வெட்டித் தைத்த ஸ்வெட்டர் பிள்ளைக்குச் சின்னதாகிப் போனால் வேலைக்காரம்மாவின் பிள்ளைக்குப் போகும், அல்லது தரை துடைக்கப் போகும். கையால் பின்னியதைப் பிரிக்கலாம். தையலை அவிழ்த்து, கடைசிக் கண்ணியைக் கண்டுபிடித்து இழுத்தால், முறுக்கும் சேர்த்து 66,000 கண்ணியும் ஒரு மத்தியானத்தில் கலைந்துவிடும். நூல் சுருள் சுருளாக, அப்பளப் பூ போல வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அடியில் சின்னக் கனம் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் சுருள் நீங்கிவிடும். கூட ஒரு நூறு கிராம் புது நூல் வாங்கினால் போதும். அதே நிறம் கிடைக்காது என்பதால் கீழ்ப் பார்டரும் மணிக்கட்டும் வேறு நிறத்தில் வரும். டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் பழைய புகைப்படங்களில், ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு கோடு கூடிக்கொண்டே போகும் ஸ்வெட்டர்களைப் பார்க்கலாம்.